ஆறு இறாத்தல் நாலு அவுன்சு

இரு மகன், இரு. நிண்டுகொண்டு கேட்டா எனக்குப் பதில் வராது. அந்தக் கதிரைய இஞ்சால இழுத்துப் போடு. என்ன, துடக்கு எண்டு யோசிக்கிறியா? நாங்க வேதக்காரர், எங்களுக்கு அதெல்லாம் இல்ல. செத்த வீட்டில இருந்து வந்தவன் எண்டு உன்ன வாசலில நிப்பாட்டினா உன்ட அப்பா எழும்பி வந்து என்னக் கேப்பான். றோசம்மா! பிளேன்ரீ ஒண்டு கொண்டா. வேணாமா? சரி, தண்ணியாவது குடி. பழுகாமத்தில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திரிக்காய்.

அவன் இவன் எண்டு சொல்றன், கோவிக்காத. நாப்பத்தி ரெண்டாம் ஆண்டில இருந்து அவன எனக்கு அப்பிடித்தான் பழக்கம். இளையதம்பி அவர்கள் எண்டு சொன்னா வேற ஆரையோ சொல்ற மாதிரி இரிக்கும்.

கொடிதானே கேக்குறாய். விளங்கிற்று. நாலு மணிக்கு அடக்கம், அதுக்குள்ள பெட்டிக்கு மேல சங்கத்துக் கொடி போடணும். அம்மா அனுப்பினவவா? என்ன சொல்லி அனுப்பினவ? பீற்றிஸ் அண்ணனுக்கிட்டப் போ, அவர் தருவார் எண்டு. ம். அப்பிடியா சொன்னவ.

பார் மகன், நான் பழைய படைக்காரர் சங்கத்துக்குச் செக்ரட்டரி. இருபது வருசமாச் செக்ரட்டரி. கொடி என்ட அலுமாரிக்குள்ளதான் இரிக்கு, இல்லயெண்டு பொய் சொல்ல ஏலாது. மனிசி றோசம்மாதான் துவைச்சு, கற்பூர உருண்டை போட்டு மடிச்சு வச்சிரிக்கா. ஆனா சட்டம் எண்டு ஒண்டு இரிக்கெல்லோ. ஆமியோ நேவியோ, எந்தப் படையில இருந்தாலும், நல்ல பேரோட விலகின ஆக்களுக்கு மட்டும்தான் கொடி. அது நான் எழுதின சட்டமில்ல. சரி, எழுதினது நான்தான், அந்தக் கொப்பியில இரிக்கிறது என்ட எழுத்துத்தான். ஆனா கமிட்டி சொல்லி எழுதினது. உன்ட அப்பாட விலகல் பேப்பரில என்ன இரிக்கு எண்டு உனக்குத் தெரியும்தானே. தெரியாதா? ஒருநாளும் காட்டினதில்லயா?

அவன் காட்ட மாட்டான்தான்.

என்ன நடந்தது அவனுக்கு? நேத்து அந்திக்குக் களுவாஞ்சிக்குடி பஸ் கொண்டக்டர்தான் வந்து சொன்னவன். வயல் வட்டையில நெல்லுச் சூடு மிதிச்சிற்று வந்து, தண்ணி கேட்டு, அப்பிடியே சாஞ்சிற்றான் எண்டு. அப்பிடித்தானா? தண்ணி குடிச்சவனா? குடிச்சவன். அது போதும். ஐம்பத்திரெண்டு வயசு ஒரு வயசா? எனக்கு அவன விட ஒரு வயசு மூப்பு. நான் நேத்தே வந்திரிக்கணும். முழங்கால் ஒண்டு, மத்தது… முழங்கால்தான். அத விடு.

நாங்க ரெண்டு பேரும் எப்பிடிச் சேந்த எண்டு சொன்னவனா? அதையும் சொல்லல்லயா? என்ன மனிசன் இவன்! புள்ளையளுக்கு ஒண்டும் சொல்லாமலா போயிற்றான்.

நாப்பத்தி ரெண்டு சித்திரையில ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். எங்கட கடலில, இந்த மட்டக்களப்புக் கடலிலதான், பிளேன் ஏத்திற பெரிய கப்பல் ஒண்டு குண்டு பட்டு அடியில தாண்டது. கரையில நிண்டு பாத்த ஆக்கள் இண்டைக்கும் இரிக்காங்க. அந்தச் சூட்டோட நேவிக்கு ஆள் எடுத்தாங்க. நான் மட்டக்களப்பு ரவுண்பொடியன், இங்கிலீசு தெரியும், களிசான் போட்டுக்கொண்டு போய் வரிசையில நிக்கிறன். எனக்கு முன்னால ஒருத்தன் நிக்கிறான், சாரன், தோளில துவாய், கையில ஒரு சட்டித் தயிர். என்னத்துக்கு தம்பி தயிர் எண்டு கேட்டன். பெரிய ஆக்களப் பாக்க வெறுங்கையோட போகலாமா எண்டு கேட்டான். வாவிக்கு அங்கால படுவான்கரையான் எண்டு அப்பவே விளங்கிற்று. வெள்ளைக்காரத் துரை கேக்கிறார், உனக்கு நீந்தத் தெரியுமா எண்டு. இவன் சொல்றான், முதலை இரிக்கிற வாவியில பழகின நான், வேகமா நீந்துவன் சேர் எண்டு. நான்தான் இங்கிலீசில சொன்னன். துரை சிரிச்ச சிரிப்பில ரெண்டு பேரையும் எடுத்திற்றார். தயிரையும் எடுத்திற்றார்.

திருகோணமலைப் பக்கம் ஒரு தளத்தில போட்டாங்க. நேவியிட பிளேன் தளம். நேவிக்குப் பிளேனா எண்டு உங்கட ஊரில ஆரும் நம்பியிரிக்க மாட்டாங்க. கப்பலில இருந்து எழும்பிற பிளேன், மகன். கடலுக்கு மேலதான் அதிட வேல. நாங்க பறக்கல்ல, ஒள்ளுப்பமும் பறக்கல்ல. எங்களுக்குக் காத்துத் தோணி வேல. அப்பிடித்தான் நாங்க பேர் வச்சிருந்தம். பிளேன் கடலில விழுந்தா, உள்ள இரிக்கிறவன் ஒரு கம்பிய இழுப்பான். இழுத்தா, மடிச்சு வச்ச ரப்பர் ஊதி ஒரு தோணியா வரும். ஏறி இரிக்கலாம். ஊதுறது எப்பிடி? அதோட ஒரு இரும்புக் குப்பி இரிக்கும், காஸ் அடைச்ச குப்பி. கம்பிய இழுத்தா அது திறக்கும். அவ்வளவுதான் வித்தை.

குப்பிக்குள்ள காஸ் இரிக்கா இல்லயா எண்டு கண்ணால பாக்க ஏலாதெல்லோ. திறந்து பாத்தா போயிரும். அதனால நிறுக்கிறது. ஒவ்வொரு குப்பியிட கழுத்திலயும் நிறைஞ்ச நிறை எவ்வளவு எண்டு அடிச்சிருக்கும். மாசக் கடைசியில கழட்டி, தராசில வச்சு, அந்த நிறைய ஒரு மட்டையில, காட் எண்டு சொல்றது, அதில எழுதி, கீழ கையெழுத்து வைக்கணும். ஒரு அவுன்சு குறைஞ்சாலும் திருப்பி அடைக்க அனுப்பணும். எழுதுறது ஒரு நிமிச வேல. கழட்டிப் பூட்டுறதுதான் கரைச்சல், ஒண்டுக்கு அரை மணித்தியாலம் போகும். அந்தத் தகரக் கொட்டிலுக்குள்ள வெக்கைக்கு ஆக்கள் மயங்கி விழுறது.

உன்ட அப்பா அந்த வேலையில சரியான கண்டிப்பு. தராசுத் தட்ட முதல்ல துணியால துடைப்பான். மறுகா நிறுப்பான். மறுகாவும் ஒருக்கா நிறுப்பான். நெல்லா நிறுக்கிறாய் எண்டு நான் பகிடி பண்ணுவன். நெல் குறைஞ்சா ஒரு குடும்பம் பசி கிடக்கும், இது குறைஞ்சா ஆள் சாவான் பீற்றிஸ் எண்டு சொல்லுவான்.

ஓம். அவன்தான் சொன்னவன்.

மணி என்ன? பத்தேகால். உனக்குப் பதினொண்டரைக்கு பஸ் இரிக்கு, பயப்படாத.

நாப்பத்தி மூண்டு நத்தார் ஒண்டு கொண்டாடினம் பார். அதச் சொல்லணும் உனக்கு. தளத்தில ஐஸ் எண்டா பெரிய துரைமாருக்கு மட்டும்தான். எங்களுக்கு ஆளுக்கு ஒரு போத்தல் பியர் தந்தாங்க, கொதிதண்ணிச் சூட்டில. நத்தார் அண்டு மத்தியானம், மழை விட்டு வெயில் எரியுது. வெள்ளைக்காரப் பொடியனுகள் ஒரு வித்தை காட்டித் தந்திருந்தானுகள். வாளிக்குள்ள பியரப் போட்டு, ஈரச் சாக்கால மூடி, காஸ் குப்பிய உள்ள விட்டுத் திறந்தா, ஸ்ஸ் எண்டு வெள்ளையாத் தூள் கொட்டும். உப்புத் தூள் மாதிரி. கை வச்சா சுடும், அவ்வளவு குளிர். அஞ்சு நிமிசத்தில போத்தல் வேர்க்கும். நான் செஞ்சன். எங்கால குப்பி எண்டு உன்ட அப்பா கேட்டான். எறியிறதுக்கு ஒதுக்கி வச்ச பழசு எண்டு சொன்னன். அப்ப சரி எண்டிற்று வாங்கிக் குடிச்சான். பல்லுக் கூசுது பல்லுக் கூசுது எண்டு அவன் துள்ளின துள்ளல இண்டைக்கும் மறக்க ஏலாது. சைவக்காரன், முதல் முதல் குடிச்ச பியர், அதுவும் இயேசு பிறந்த நாளில. நாங்க ரெண்டு பேரும் அந்தத் தகரக் கொட்டிலுக்குப் பின்னால இருந்து சிரிச்ச மாதிரி மறுகா நான் ஆரோடயும் சிரிக்கல்ல மகன். கலியாணம் முடிச்சும் சிரிக்கல்ல. றோசம்மா, நீ கேட்டுக்கொண்டா நிக்கிறாய்? போ அங்கால, அடுப்பப் பார்.

மற்ற நாள் வெள்ளண நான் லீவில வந்திற்றன். இவ வீட்ட சம்மந்தம் பேச வரச்சொல்லி அப்பாட கடிதம். மூண்டு கிழமை லீவு. லொறி வாசலில நிண்டு கோண் அடிக்குது, நான் பெட்டியத் தூக்கிக்கொண்டு ஓடுறன். நல்லா ஞாபகம் இரிக்கு.

அதுக்குப் பிறகு நடந்தத நான் கண்ணால காணல்ல. நான் இஞ்ச, தாண்டவன்வெளியில, மாமியார் சுட்ட பணியாரம் தின்டுகொண்டு இருக்கன். பொங்கலுக்கு ஒரு கிழமை இரிக்கக்குள்ள ஒரு பிளேன் விழுந்தது. பாசிக்குடாக்கு வெளியால, ஆழக் கடலில. எஞ்சின் பழுது எண்டு கொட்டிலில கிடந்த பிளேன் அது. ஒரு மாசம் பறக்காது எண்டு சொல்லி வச்சிருந்தாங்க. எப்பிடியோ கெதியாத் திருத்தி எழுப்பிற்றாங்க. ரெண்டு பேர் உள்ள. ஓட்டினவன் ஹாலம் எண்டு ஒரு பொடியன், இருபது வயசு, வாயில மீசை இல்ல. எங்களப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். இளையதம்பி எண்டு முழுசாச் சொல்ல வராம இலாயா, இலாயா எண்டு கூப்பிடுவான். விழுந்ததில அவனுக்குக் கால் முறிஞ்சிற்று. பின்னால இருந்தவன்தான் தோணிக் கம்பிய இழுத்தான். ஸ்ஸ் எண்டு ஒரு சத்தம் மட்டும் வந்ததாம். தோணி வரல்ல. நனைஞ்ச சாக்கு மாதிரி ரப்பர் மிதந்ததாம். ஹாலம் அதப் புடிச்சுக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் கிடந்திரிக்கான். மாரிக் கடல். கை விட்டிற்று. மத்தவன வாழைச்சேனைத் தோணிக்காரர் தூக்கினாங்க. அவன்தான் வந்து எல்லாத்தையும் சொன்னவன்.

ஹாலம்ட உடம்பு கிடைக்கல்ல.

விசாரணை வச்சாங்க. அந்தப் பிளேன்ட காட்ட எடுத்தாங்க. மார்கழி இருபத்தாறு, நிறை ஆறு இறாத்தல் நாலு அவுன்சு, கீழ கையெழுத்து. இது ஆர்ட கையெழுத்து எண்டு கேட்டாங்க. என்ட சேர் எண்டு சொன்னான் உன்ட அப்பா. வேற ஒண்டும் சொல்லல்ல. நீ நிறுத்தியா, எப்பிடி நிறுத்தாய், தராசு பிழையா, கூட ஆர் நிண்ட எண்டு ஆயிரம் கேட்டாங்களாம். கையெழுத்து என்ட சேர். அதேதான் திருப்பித் திருப்பி. தொண்ணூறு நாள் மறியலில அடைச்சு வச்சு, விலக்கி, பேப்பரில கவலையீனத்தால ஒரு அதிகாரியிட மரணத்துக்குக் காரணமானவர் எண்டு அடிச்சுக் குடுத்து அனுப்பினாங்க. அதுதான் மகன் அந்தப் பேப்பர்.

என்ன சொன்னாய்? ஊரில வெள்ளைக்காரனக் கொண்டவன் எண்டா சொல்றாங்க? பள்ளிக்கூடத்தில உன்ன அப்பிடியா கூப்பிட்டானுகள்? …கேள்விப்பட்டிரிக்கன். உன்ட அக்காட சம்மந்தம் ஒண்டு அதாலதான் குழம்பினது எண்டும் கேள்விப்பட்டிரிக்கன்.

பாக்காம கையெழுத்து வச்சது பிழைதானே மகன்? நீயே சொல்லு. ஆர் கேட்டாலும் பாக்காம வைக்கலாமா? நான் இத்தன வருசமா அதத்தான் நினைச்சுக்கொண்டு படுக்கிறது. அவன்ட பிழையும் இரிக்கு, அவன்ட பிழையும் இரிக்கு எண்டு. நித்திரை வந்தாச் சரிதானே.

நான் லீவு முடிஞ்சு போகக்குள்ள அவன அடைச்சு வச்சிருந்தாங்க. சின்னச் சாளரம் ஒண்டு, கம்பி போட்டது. காவலுக்கு நிண்டவன் தெரிஞ்சவன், ரெண்டு நிமிசம் விட்டான். என்னக் கண்டதும் இவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். நான் ஒரு பதில் சொன்னன். அத மறுகா சொல்றன். இவன் கம்பியில இருந்து கைய எடுத்தான். மறுகா சொன்னான், அப்ப காஸ் தன்பாட்டில கசிஞ்சிரிக்கும், அதுக்கு ரெண்டு பேர் போகத் தேவையில்ல, உனக்குச் சம்மந்தம் பேசியாச்சு, நீ போ எண்டு.

நான் போயிற்றன்.

எனக்கு நல்ல பேப்பர். சண்டை முடிஞ்சு வந்த உடன அந்தப் பேப்பரக் காட்டித்தான் அரசாங்கத்தில ஸ்டோர் கீப்பர் வேல. இந்த வீடு அதில கட்டினது. ரெண்டு பொம்புளப் புள்ளையளையும் அதிலதான் கட்டிக் குடுத்தன். உன்ட அப்பாவும் ஒருக்கா ஒரு காவக்கார வேலைக்கு எழுதிப் போட்டவன். சண்டைக்குப் போனியா எண்டு கேட்டாங்க, பேப்பரக் குடுத்தான், பேப்பரத் திருப்பிக் குடுத்திற்றாங்க. அதுக்குப் பிறகு வட்டைதான். அடுத்தவன்ட வயல். அது உனக்குத் தெரியும்.

நாப்பத்தொன்பதில சங்கம் தொடங்கினம். முதல் கூட்டத்துக்கு வந்தான், பேப்பரையும் கொண்டு. ஆரோ கூட்டத்தில சொல்லிற்றாங்க, விலகின பேப்பர செக்ரட்டரி வாசிக்கட்டும் எண்டு. நான் வாசிச்சன் மகன். எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு, இங்கிலீசில வாசிச்சு, தமிழிலயும் சொன்னன். கவலையீனத்தால… மரணத்துக்குக் காரணமானவர்… எண்டு. என்ட குரல் நடுங்கவுமில்ல. வாசிச்சு முடிச்சு நிமிந்து பாக்கிறன், இவன் கையக் கட்டிக்கொண்டு, சரி எண்டு தலைய ஆட்டிற்று, பேப்பர என்ட கையில இருந்து வாங்கி மடிச்சுச் சேட்டுப் பைக்குள்ள வச்சுக்கொண்டு போயிற்றான்.

அதுக்குப் பிறகு வருசா வருசம் கார்த்திகையில நாங்க சண்டையில செத்தவங்களுக்கு மலர் வைக்கிற நாள். நாங்க மெடலக் குத்திக்கொண்டு வரிசையில நிப்பம். ரோட்டுக்கு அங்கால, வாவிப் பக்கத்து வேலியோட, ஒருத்தன் குடையப் புடிச்சுக்கொண்டு நிப்பான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. அந்தக் காலையில வாறதுக்கு விடிய முன்னம் வெளிக்கிட்டிரிக்கணும். ரெண்டு நிமிசம் சத்தமில்லாம நிக்கக்குள்ள குடைய மடக்குவான். மழை பெஞ்சாலும் மடக்குவான். மறுகா விரிச்சுக்கொண்டு போயிருவான். ஹாலமுக்காகத்தான் வந்தவன். எனக்குத் தெரியும். ஒரு வருசமாவது ரோட்டக் கடந்து போய், வாடா எண்டு கையப் புடிச்சிரிக்கலாம். பத்து அடி ரோட்டு. இருபது வருசம் கடக்கல்ல நான்.

ஆனா அவன் கடப்பான். நத்தாருக்கு நத்தார் இஞ்ச வருவான், ஒரு சட்டித் தயிர். வெறுங்கையோட போகலாமா எண்டவனெல்லோ. அந்தா பார், பின்வாசல் வரிசையா றோசம்மா செடி வச்சிரிக்கிற சட்டியெல்லாம் அவன் கொண்டு வந்ததுதான். நான் எண்ணிறதில்ல. உங்களப் பத்திச் சொல்லுவான், வட்டையப் பத்திச் சொல்லுவான், மூத்தவன் கோவம் கூடினவன், சின்னவன் அழகரத்தினம் யோசிச்சுத்தான் கதைப்பான் எண்டு. நீதானே அது. தளத்தப் பத்தி ஒரு சொல்லுக் கதைக்க மாட்டான். நானும் கதைக்க மாட்டன். கேக் சாப்பிட்டிற்று, இவட கையால ஒரு பிளேன்ரீ குடிச்சிற்றுப் போவான். அவன் போனதுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

போன நத்தாருக்கு வரக்குள்ள கொஞ்சம் மெலிஞ்சிருந்தான். மருமகன் எங்களுக்கு ஃபிரிட்ஜ் ஒண்டு வாங்கித் தந்திருந்தவர். அந்தா மூலையில நிக்கிது. எனக்கு ஒரே பெருமை. இருடா, நல்ல குளிர் பியர் ஒண்டு தாறன் எண்டு எடுத்து ஊத்திக் குடுத்தன். என்னத்துக்குக் குடுத்தன் எண்டு கர்த்தருக்குத்தான் தெரியும். அவன் ஒரு முறடு குடிச்சான். கிளாசத் தூக்கி வெளிச்சத்தில பாத்தான். மெதுவாச் சொன்னான், நல்லாத்தான் இரிக்கு பீற்றிஸ், ஆனா ஹாலம்ட குளிர் இதில இல்ல எண்டு.

அவ்வளவுதான் சொன்னவன். கோவமுமில்ல, நக்கலுமில்ல. மிச்சத்தையும் குடிச்சிற்று, கிளாச வச்சிற்று, மனிசிக்கிட்டச் சொல்லிற்று வெளிக்கிட்டான். கேற்றடியில நிண்டு, வாறன் பீற்றிஸ் எண்டான். பிறகு வரல்ல.

இரு வாறன். இந்த அலுமாரித் திறப்பு எப்பவும் இப்பிடித்தான், சுத்தினாச் சுத்திக்கொண்டே இரிக்கும்.

இந்தா. புடி. சட்டத்த நான் பாத்துக்கொள்றன். கமிட்டிக்காரன் ஆரும் கேட்டா செக்ரட்டரி தந்தவர் எண்டு சொல்லு. கொடியில இரிக்கிற நங்கூரம் தலைமாட்டுப் பக்கம் வரணும். நிலத்தில படக் கூடாது. குழிக்குள்ள இறக்க முன்னம் ரெண்டு பேர் தலைப்புல புடிச்சு மடிச்சு அம்மாட கையில குடுங்க. திருப்பித் தரத் தேவையில்ல. வேற ஒண்டு தைக்கலாம்.

என்ன, நானும் வரணுமா? அம்மா கட்டாயம் வரச்சொன்னவவா? பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு நாலு வார்த்தை சொல்லணுமா, கூட இருந்தவர் எண்டு…

நான் எப்பிடி மகன் வாறது. அந்தக் குப்பிய நான் நிறுக்கல்ல. அது பழசுமில்ல. எறியிற குப்பியில எங்கால காஸ்? பறக்காமக் கிடந்த பிளேன்ல இருந்து நான்தான் கழட்டினது, பியருக்கு. லீவால வந்து அடைச்சுக் குடுப்பம் எண்டு வெறுங்குப்பியத் திருப்பிப் பூட்டிற்றன். மற்ற நாள் லொறி கோண் அடிக்குது, மாசக் காட் எழுதணும், போன மாசத்து நிறையப் பாத்து எழுதினன், ஆறு இறாத்தல் நாலு அவுன்சு எண்டு, என்ட கையால. நிறுத்திற்றன் இளையதம்பி, கையெழுத்த மட்டும் போட்டு விடு எண்டு காட்ட அவன்ட கையில குடுத்திற்று ஓடினன். சாளரத்தடியில அவன் கேட்டது அதத்தான். நிறுத்தியாடா எண்டு. ஓம், நிறுத்தன் எண்டு சொன்னன்.

ஏன் மகன் எழும்பிற்றாய்? தண்ணி குடிக்கல்லயே நீ. கொடி… கொடியக் கதிரையில வச்சிற்றுப் போறாய். அது என்ட இல்ல மகன், சங்கத்துச் சாமான். அம்மா கேட்டுவிட்டதெல்லோ. அழகரத்தினம்!

போயிற்றான்.

என்னப் பாக்காத றோசம்மா. பிறகு பார், ஆயுசு முழுக்க இருந்து பார். இப்ப அந்த வெள்ளைச் சேட்ட எடு. மெடல் வேணாம், சேட்டு மட்டும். கொடிய ஒரு பேப்பரில சுத்தித் தா. பதினொண்டரை பஸ்தான் அவனுக்கும், வேற பஸ் இல்ல. அவன் முன்னால இரிக்கட்டும். நான் பின்னால நிண்டுகொண்டு வாறன்.